உள்ளங்கையில் ஒரு விமானம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

பெரியதைச் சிறியதாக்கிக் கையில் ஏந்திப் பார்க்கும் விருப்பம் மனிதருக்கு இயல்பாகவே உண்டு. பிள்ளைத்தமிழில் சிற்றிலும் சிறுதேரும் பருவங்களாகவே இடம்பெற்றிருப்பது இதற்குச் சான்று. சிற்றில் வீட்டையும், சிறுதேர் கோயில் தேரையும் குழந்தையின் கைக்கெட்டும் அளவுக்குக் கொண்டுவந்தன. அவ்விருப்பம் வானூர்திக் காலத்தில் எடுத்த வடிவமே நெகிழி மாதிரி விமானம். பொழுதுபோக்காகத் தொடங்கி, கணக்கையும் வரலாற்றையும் கைத்திறனையும் ஒருங்கே கற்பிக்கும் அக்கலையின் தொடக்கநிலையை இப்பாடம் விளக்குகின்றது.

பெட்டிக்குள் இருப்பது

மாதிரி விமானப் பெட்டியைத் திறந்ததும் முதலில் தோன்றுவது ஏமாற்றமே. மேலட்டையில் முகில்களைக் கிழித்துப் பாய்ந்த விமானம் உள்ளே இல்லை. சாம்பல் நிறத்தில் சில நெகிழிச் சட்டங்கள். கிளையில் காய்கள் போல அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறுசிறு உறுப்புகள். ஒவ்வோர் உறுப்பின் அருகிலும் ஓர் எண். ஒளி ஊடுருவும் தனித்துண்டு ஒன்று. நீரில் நனைத்து ஒட்டுவதற்குரிய படத்தாள். மடித்து வைத்த செய்முறைத்தாள். இவ்வளவே. பெரும்பாலான பெட்டிகளில் பசையும் வண்ணமும் இரா. அவற்றைத் தனியே வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதன்முதலில் செய்து பார்ப்பவர் ஒற்றைப் பொறியும் ஒற்றை இருக்கையும் கொண்ட சிறு விமானத்தைத் தேர்ந்தெடுப்பது நன்று. உறுப்புகள் குறைவாக இருக்கும். ஈரடுக்கு இறக்கைகளும் அவற்றைப் பிணைக்கும் கம்பிகளும் இரா. இவ்வகையில் உலகெங்கும் பலருக்கு முதல் மாதிரியாக அமைந்தது பிரித்தானியாவின் ஸ்பிட்ஃபயர். இப்பாடமும் அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது.

ஸ்பிட்ஃபயரை வடிவமைத்தவர் ரெஜினால்ட் மிட்செல். அது 1936ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் முதன்முதலாக வானில் எழுந்தது. அடுத்த ஆண்டே மிட்செல் தம் 42ஆம் வயதில் மறைந்தார். தாம் வடிவமைத்த விமானம் 1940ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வான்வெளியைக் காத்து நின்றதை அவர் காணவில்லை. பின்னர் 20,000க்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் கட்டப்பட்டன. நீள்வட்டமாக வளைந்து கூர்மையுறும் அதன் இறக்கையே அதற்கு அடையாளம். தொலைவிலிருந்து பார்ப்பவரும் அவ்விறக்கையைக் கண்டு விமானத்தின் பெயரைச் சொல்லிவிடலாம்.

தெரிந்து தெளிவோம்

பிரித்தானிய அரச விமானப்படையின் 234ஆம் படைப்பிரிவுக்கு ‘மதராஸ் மாகாணம்’ என்னும் பெயர் இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து திரட்டி அளிக்கப்பட்ட நிதியை நினைவுகூரும் வகையில் அப்பெயர் இடப்பட்டது. 1940ஆம் ஆண்டில் இப்படைப்பிரிவு ஸ்பிட்ஃபயர் விமானங்களை இயக்கியது.

அச்சும் வார்ப்பும்

மாதிரி விமானங்கள் தொடக்கத்தில் மரத்தால் செய்யப்பட்டன. 1930களில் இங்கிலாந்தில் விற்பனையான ‘ஸ்கைபேர்ட்ஸ்’ என்னும் மர மாதிரிகள், உண்மை விமானத்தில் 72இல் ஒரு பங்கு என்னும் அளவைப் பரவலாக்கின. 1936ஆம் ஆண்டில் ‘ஃப்ராக் பெங்குவின்’ என்னும் நெகிழி மாதிரிகள் அதே அளவில் வெளிவந்தன. அவை செல்லுலோஸ் அசிடேட் என்னும் நெகிழியால் ஆனவை. அந்நெகிழி நாளடைவில் கோணிக்கொள்ளும் தன்மையது. போருக்குப் பின்னர்ப் பாலிஸ்டைரீன் அதன் இடத்தைப் பிடித்தது. இன்று நாம் வாங்கும் மாதிரிகளுள் பெரும்பாலானவை இப்பாலிஸ்டைரீனால் ஆனவையே.

லண்டனில் ‘ஏர்ஃபிக்ஸ்’ நிறுவனத்தை 1939ஆம் ஆண்டில் தொடங்கிய நிக்கோலஸ் கோவ், ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறியவர். அந்நிறுவனம் முதலில் செய்தது காற்றடைத்த ரப்பர் பொம்மைகளை. பின்னர்ச் செய்தது தலைவாரும் சீப்புகளை. சீப்பை வார்த்தெடுத்த தொழில்நுட்பமே பின்னாளில் உழவு இயந்திரம், கப்பல், விமானம் ஆகியவற்றின் மாதிரிகளையும் வார்த்தெடுத்தது. 1950களில் அந்நிறுவனம் வெளியிட்ட ஸ்பிட்ஃபயர், சிறுவர்கள் தம் கைச்செலவுப் பணத்தில் வாங்கக்கூடிய விலையில் கடைகளில் கிடைத்தது. இவ்வாறு விமானம் கட்டும் கலை வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

வார்ப்புமுறை எளிதில் விளங்கக்கூடியது. உருக்கிய நெகிழியை மிகுந்த அழுத்தத்துடன் எஃகு அச்சுக்குள் செலுத்துவர். வாய்க்கால் வழியே ஓடும் நீர் பாத்திகளை நிறைப்பது போல அது அச்சின் பள்ளங்களை நிறைத்துக் குளிர்ந்து இறுகும். பாத்தியில் இறுகியவை உறுப்புகள். வாய்க்காலில் இறுகியதே அவற்றைத் தாங்கி நிற்கும் சட்டம். இதனை அறிந்தவர் உறுப்பைச் சட்டத்திலிருந்து பிய்த்தெடுக்க மாட்டார். உறுப்பும் சட்டமும் ஒரே பொருளின் தொடர்ச்சியாதலால், பிய்க்கும்போது உறுப்பின் சதையும் சேர்ந்து கிழியும்.

எழுபத்திரண்டில் ஒன்று

மாதிரிக் கலையின் உயிர் அளவு. 72இல் ஒரு பங்கு என்றால், உண்மையில் ஆறடியாக இருப்பது மாதிரியில் ஓர் அங்குலமாக அமையும். 11.23 மீட்டர் அகலத்திற்கு விரிந்த ஸ்பிட்ஃபயரின் இறக்கைகள் மாதிரியில் 15.6 சென்டிமீட்டர், 9.12 மீட்டர் நீளமுள்ள உடல் 12.7 சென்டிமீட்டர். முழு விமானமும் விரித்த உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆறடி உயரமுள்ள விமானி கட்டைவிரலின் மேற்கணு அளவே இருப்பார்.

இவ்வளவு விளையாட்டுக்குரிய கணக்கு மட்டுமன்று. 1942ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை, நாடெங்கும் உள்ள உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் ஐந்து இலட்சம் மர விமான மாதிரிகளைச் செய்து தருமாறு கேட்டது. தம் நாட்டு விமானம் எது, பகைவர் விமானம் எது என்று நொடியில் கண்டறியும் பயிற்சியைப் படையினருக்கு அளிக்கவே அவை தேவைப்பட்டன. 72இல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியை 35 அடி தொலைவில் வைத்துப் பார்த்தால், உண்மை விமானத்தை 2,520 அடி தொலைவில், அதாவது ஏறத்தாழ அரை மைல் தொலைவில் பார்ப்பதற்கு ஒப்பாகும். மாதிரியின் இறக்கை சற்றே பிழையாக இருந்தாலும் அதனைப் பார்த்துப் பயின்ற கண் பிழையாகப் பயிலும். ஆகவே மாணவர்கள் செய்த ஒவ்வொரு மாதிரியும் வார்ப்பட்டையை வைத்துச் சரிபார்க்கப்பட்டது.

அளவு நமக்கு மற்றொன்றையும் உணர்த்துகின்றது. நாம் செய்யும் மாதிரியின் இணைப்பில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால், அது உண்மை விமானத்தின் உடலில் ஏழு சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட பிளவுக்குச் சமம். கை நுழையும் அளவுக்குப் பிளந்த விமானம் பறக்குமா? வண்ணம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகப் படிந்தால், உண்மை விமானத்தின்மீது ஏழு மில்லிமீட்டர் தடிப்புக்குச் சாந்து பூசியதாகும். சிறியது என்பதால் சிறு பிழை பொறுக்கப்படும் என்று எண்ணுவதே தொடக்கநிலையினரின் முதல் தவறு. அளவு சுருங்கச் சுருங்கப் பிழை பெருகித் தோன்றும்.

ஒத்திகையும் ஒட்டுதலும்

வேலையைத் தொடங்கும்முன் செய்முறைத்தாளை முதலிலிருந்து இறுதிவரை ஒருமுறை படிக்க வேண்டும். பின்னர்ச் சட்டங்களைச் சோப்பு கலந்த நீரில் கழுவி உலர்த்த வேண்டும். அச்சிலிருந்து வார்ப்பு எளிதில் கழன்று வருவதற்காகப் பூசப்பட்ட எண்ணெய்ப்பசை உறுப்புகளில் ஒட்டியிருக்கக்கூடும். அதன்மேல் வண்ணம் பிடிக்காது.

உறுப்புகளைச் சிறு வெட்டுக்குறட்டால், சட்டத்தின் ஒரு சிறு துணுக்கு உறுப்போடு இருக்குமாறு தள்ளி வெட்டியெடுக்க வேண்டும். எஞ்சிய துணுக்கைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். கத்தியின் முனை எப்போதும் உடலுக்கும் விரலுக்கும் எதிர்ப்புறம் நகர வேண்டும். எல்லா உறுப்புகளையும் ஒரே நேரத்தில் வெட்டிக் குவித்தல் கூடாது. எண் சட்டத்தில்தான் இருக்கிறதேயன்றி உறுப்பில் இல்லை. குவியலில் கலந்த உறுப்பு பெயரிழந்த உறுப்பு.

அடுத்தது ஒத்திகை. பசையின்றி இரு உறுப்புகளைச் சேர்த்துப் பார்த்து, எங்கே இடிக்கிறது, எங்கே இடைவெளி விழுகிறது என்பதை அறிந்துகொள்வதே ஒத்திகை. நாடக மேடையில் ஒத்திகைக்கு உள்ள மதிப்பு இங்கும் உண்டு. பசையிட்ட பின் திருத்த இயலாதவற்றைப் பசையிடுமுன் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம்.

ஏன் பின்னர்த் திருத்த இயலாது? காகிதத்தை ஒட்டும் பசை இரு பரப்புகளுக்கும் நடுவே நின்று அவற்றைப் பிடித்துக்கொள்கின்றது. மாதிரிகளுக்குரிய பசையோ ஒரு கரைப்பான். அது நெகிழியின் மேற்பரப்பையே இளக்குகின்றது. இளகிய இரு பரப்புகளும் ஒன்றோடொன்று கலக்கின்றன. கரைப்பான் ஆவியானதும் அவை ஒரே பொருளாக இறுகிவிடுகின்றன. இரண்டு ஒட்டியிருப்பதன்று இது, இரண்டு ஒன்றாவது. எனவே துளியளவு பசையே போதும். மிகுதியாக இட்டால் வெளியே வழிந்து நெகிழியை உருக்கி, விரல்ரேகையைக்கூட விமானத்தின்மீது நிலையாகப் பதித்துவிடும். நீர்த்த பசையாயின், இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பசைத்தூரிகையால் விளிம்பைத் தொட்டாலே போதும். நுண்புழை ஏற்றத்தால் பசை தானே இடுக்குக்குள் பாயும். கரைப்பானின் ஆவி உடலுக்கு நல்லதன்று. ஆதலால் சன்னல்களைத் திறந்துவைத்தே பசையையும் வண்ணத்தையும் கையாள வேண்டும்.

உள்ளிருப்பதை முதலில் முடிக்க வேண்டும் என்பது இக்கலையின் மாறாத விதி. இருக்கை, கட்டுப்பாட்டுக் கோல், கருவிப்பலகை ஆகியவற்றை ஒட்டி, விமானியறையின் உட்புறத்திற்குச் சாம்பல் கலந்த பச்சை தீட்டிய பின்னரே உடலின் இரு பாதிகளை இணைக்க வேண்டும். இணைத்த உடலை ரப்பர் வளையங்களாலும் துணிக்கிளிப்புகளாலும் பிணைத்து ஓரிரவு அப்படியே விட வேண்டும்.

அதன்பின் இறக்கைகள். ஸ்பிட்ஃபயரின் இறக்கைகள் கிடைமட்டமானவை அல்ல. உடலிலிருந்து நுனியை நோக்கிச் சற்றே மேலேறுபவை. இரு நுனிகளும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று முன்புறம் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். தீப்பெட்டிகளை அடியில் அடுக்கி உயரத்தைச் சமன் செய்துகொள்ளலாம். வால்பகுதியின் கிடை இறக்கைகளுக்கும் இதுவே முறை. பசை இறுகும் சில நிமிடங்களுக்குள் நாம் பார்க்கத் தவறுவதை, இறுகிய பின்னர் எல்லோரும் பார்ப்பர்.

பட்டி பார்த்தல்

உடலின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில், விமானத்தின் முதுகு நெடுக ஒரு மெல்லிய கோடு தெரியும். உண்மை விமானத்தில் அப்படியொரு பிளவு கிடையாது. அதனை நீக்குவதே இக்கலையின் நடுப்பகுதி. பெரும்பாலோர் தாண்டிச் செல்ல விரும்பும் பகுதியும் அதுவே.

சுவருக்கு வண்ணம் தீட்டுவோர் முதலில் பட்டி பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். வெடிப்பிலும் குழியிலும் பட்டியை அழுத்தி, காய்ந்தபின் தேய்த்து, கையால் தடவிப் பார்த்து, மேடுபள்ளம் இல்லையென உறுதி செய்த பின்னரே வண்ண வாளியைத் திறப்பர். மாதிரி விமானத்திற்கும் அதுவே நெறி. நெகிழிக்குரிய பட்டியைக் கோட்டின்மீது மெல்லத் தடவி நன்கு காயவிட வேண்டும். பின்னர் நீரில் நனைத்த உப்புத்தாளால், முதலில் சொரசொரப்பானது, அடுத்து மென்மையானது என்னும் வரிசையில் தேய்க்க வேண்டும். நீர் சேர்த்துத் தேய்ப்பதால் தூசி பறந்து மூச்சில் கலக்காது.

தேய்த்தது போதுமா என்பதைக் கண்ணைவிட விரல்நுனி நன்றாக அறியும். கண்ணை மூடிக்கொண்டு விரலைக் குறுக்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். கோடு விரலில் தட்டினால் வேலை முடியவில்லை என்பது பொருள்.

இவ்விடத்தில் என் பட்டறிவைக் கூறுவது பொருந்தும். என் முதல் மாதிரியைச் செய்தபோது எனக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. பட்டி பார்ப்பதைத் தேவையற்ற வேலையாகக் கருதினேன். வண்ணம் தீட்டினால் கோடு மறைந்துவிடும் என்று நம்பி, இரண்டு பூச்சு கூடுதலாகவே தீட்டினேன். முடித்த விமானத்தை வகுப்பறைக்கு எடுத்துச் சென்றபோது, முதல் வரிசையில் இருந்த மாணவி அதனை ஒளியில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “ஐயா, இதன் முதுகில் ஒரு கோடு ஓடுகிறதே, அது எதற்கு?” என்று வினவினாள். நான் மறைத்துவிட்டதாக நினைத்த கோட்டைத்தான் அவள் முதலில் கண்டாள். வெற்று நெகிழியில் மங்கலாக இருந்த கோடு, வண்ணம் ஏறியதும் எடுப்பாகிவிட்டது. ஒரே நிறம் பரவிய பரப்பில் ஒளியும் நிழலும் சிறு பள்ளத்தையும் வரைந்து காட்டிவிடும் என்பதை அன்று அறிந்தேன். வண்ணம் குறையை மறைப்பதில்லை, காட்டிக்கொடுக்கின்றது.

நிறங்களின் வரிசை

பட்டி பார்த்து முடித்த பின்னர் மெல்லிய அடிப்பூச்சு ஒன்று தேவை. அது வண்ணத்திற்குப் பிடிமானம் தரும். எஞ்சிய கீறல்களையும் வெளிப்படுத்தும். தொடக்கநிலையினருக்கு நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்கள் ஏற்றவை. தூரிகையை நீரிலேயே கழுவிக்கொள்ளலாம், விரைவில் உலரும், வாடையும் குறைவு.

புட்டியிலிருந்து எடுத்த வண்ணத்தை அப்படியே தீட்டுதல் கூடாது. சில துளி நீர் விட்டுப் பால் பதத்திற்கு இளக்கிக்கொள்ள வேண்டும். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும். அதைக் கண்டு கலங்கி, ஈரம் காயுமுன் மீண்டும் மீண்டும் தூரிகையை ஓட்டினால் அடிப்பூச்சும் பெயர்ந்து வரும். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி இங்கு முற்றிலும் பொருந்தும். ஒரு பூச்சு நன்கு காய்ந்தபின் அடுத்த பூச்சு. முதல் பூச்சை நீளவாக்கில் தீட்டினால் அடுத்ததைக் குறுக்குவாக்கில் தீட்ட வேண்டும். தடித்த ஒரு பூச்சைக் காட்டிலும் மெல்லிய மூன்று பூச்சுகள் சிறந்தவை. தடித்த பூச்சு உடலில் பொறித்த நுண்கோடுகளையெல்லாம் நிரப்பி அழித்துவிடும்.

வெளிர்நிறம் முதலில், அடர்நிறம் அடுத்து என்பது வரிசை. 1940ஆம் ஆண்டுக் கோடையில் பறந்த ஸ்பிட்ஃபயரின் அடிப்புறம், பச்சை சிறிது கலந்த வெளிர் வான்நிறம். மேற்புறம் அடர்மண் நிறமும் அடர்பச்சையும் அலையலையாகக் கலந்த கோலம். இந்நிறங்கள் அழகுக்காகத் தேர்ந்தவை அல்ல. மேலிருந்து பார்க்கும் பகைவிமானிக்கு இங்கிலாந்தின் உழுத நிலமும் மரச்செறிவுமாகவும், கீழிருந்து பார்ப்பவருக்கு வானமாகவும் தோன்றி, விமானம் தன்னை ஒளித்துக்கொள்ளவே அவ்வண்ணங்கள். முதலில் அடிப்புறத்திற்கு வான்நிறம் தீட்டிக் காயவிட வேண்டும். பின்னர் அதன் விளிம்பை மறைப்பு நாடாவால் மூடி, மேற்புறம் முழுவதற்கும் மண்நிறம் தீட்ட வேண்டும். அது காய்ந்ததும் பச்சைத் திட்டுகளின் எல்லையைப் பென்சிலால் மெல்ல வரைந்து, உட்பகுதியை நிரப்ப வேண்டும்.

வட்டச் சின்னங்களும் எழுத்துகளும் படத்தாளில் அச்சிட்டு வரும். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே வெட்டி, வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் நனைத்து, தாளிலிருந்து நழுவத் தொடங்கியதும் விமானத்தின்மீது நகர்த்தி அமைக்க வேண்டும். சொரசொரப்பான வண்ணத்தின்மீது நேரே ஒட்டினால் படத்தின் அடியில் நுண்காற்று சிக்கி வெள்ளிபோல் மின்னும். ஆதலால் படம் ஒட்டுமுன் பளபளப்பு மேற்பூச்சும், ஒட்டிக் காய்ந்தபின் மங்கல் மேற்பூச்சும் தீட்டுவது வழக்கம்.

இறுதியாகப் பொருத்துவது விமானியறையின் கண்ணாடிமூடி. பெரும்பாலோர் இறுதி நேர அவசரத்தில் கெடுத்துக்கொள்வதும் இதனையே. கரைப்பான் பசையின் ஆவி பட்டாலும் ஒளி ஊடுருவும் நெகிழி பனி படிந்ததுபோல் மங்கிவிடும். அதற்குக் காகிதம் ஒட்டும் வெண்பசையே ஏற்றது. ஈரத்தில் வெண்மையாகத் தெரியும் அப்பசை, உலர்ந்ததும் தெளிந்துவிடும்.

சிறிய இருக்கை

போர் விமானத்தை மாதிரியாகச் செய்வது போரைப் போற்றுவதாகாதா என்னும் வினா எழலாம். எழ வேண்டிய வினாவே அது. ஆனால் ஒரு விமானத்தைத் தன் கையால் கட்டிப் பார்த்தவர் அதன் விமானியறையை மறக்க மாட்டார். தோள்களை நெரிக்கும் அவ்விடுக்கில் ஒரே ஓர் இருக்கை. அதில் அமர்ந்தவர்களுள் பலர் இருபது வயதையொட்டிய இளைஞர்கள். இப்பாடத்தைப் படிக்கும் மாணவர்களைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்கள். பெட்டியின் மேலட்டை காட்டுவது வீரத்தை மட்டுமே. மேலட்டை காட்டாத அந்த இருக்கையை இடுக்கியால் பிடித்து, மூச்சடக்கி, உரிய இடத்தில் வைப்பவரின் நெஞ்சில் வியப்போடு இரக்கமும் தோன்றும். செய்து பார்த்தவர் அறிவது, படம் பார்த்தவர் அறிவதைக் காட்டிலும் ஒரு படி கூடுதல்.

முதல் மாதிரி

முதல் மாதிரி நன்றாக அமையாது. இதனைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை. ஓர் இறக்கை சற்று உயர்ந்திருக்கும். எங்கோ ஒரு விரல்ரேகை பதிந்திருக்கும். வட்டச் சின்னம் கோணலாக ஒட்டியிருக்கும். பலர் இந்நிலையில் அதனைக் குப்பையில் எறிந்துவிட்டு, இக்கலை நமக்கு வராது என்று முடிவு செய்கின்றனர்.

பிழையை மதிப்பெண் இழப்பாகவே பார்த்துப் பழகியவர்கள் நாம். விடைத்தாளில் சிவப்பு மையால் சுழித்த இடத்தை மறுமுறை பார்க்கவும் கூசுகின்றோம். முப்பது ஆண்டுகளாக அச்சிவப்பு மையைக் கையாண்ட எனக்கும், என் மாணவி சுட்டிய கோடு முதலில் கூச்சத்தையே தந்தது. ஆயினும் மாதிரி விமானம் விடைத்தாளைப் போன்றதன்று. அதன் ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் ஒரு காரணம் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கின்றது. உயர்ந்த இறக்கை, குனிந்து பார்க்கத் தவறிய சில நிமிடங்களைச் சொல்லும். விரல்ரேகை, மிகுதியாக இட்ட பசையைச் சொல்லும். முதுகுக்கோடு, தாண்டிச் சென்ற ஒரு மாலைப்பொழுதைச் சொல்லும். காரணம் தெரிந்த பிழை பாதி திருந்திய பிழை.

எனவே முதல் மாதிரியை எறிந்துவிடாமல் அலமாரியில் வைக்க வேண்டும். இரண்டாவதை அதன் அருகில் வைக்க வேண்டும். ஐந்தாவதை வைக்கும் நாளில், கற்றது இன்னது என்று எவரும் சொல்லாமலே விளங்கும். என் முதல் ஸ்பிட்ஃபயர் இன்றும் என் மேசையின்மீது நிற்கின்றது. அதன் முதுகுக்கோட்டை நான் திருத்தவில்லை. அடுத்த பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், வண்ணப்புட்டியைத் தொடுமுன் அந்தக் கோட்டை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துக்கொள்கின்றேன்.

சொல்லும் பொருளும்

வார்ப்பு – உருக்கிய பொருளை அச்சில் ஊற்றி வடிவமாக்கியது
உப்புத்தாள் – மேற்பரப்பைத் தேய்த்து மென்மையாக்கப் பயன்படும் சொரசொரப்பான தாள்
பட்டி – வெடிப்பையும் குழியையும் நிரப்பும் பசைபோன்ற பூச்சு
கரைப்பான் – மற்றொரு பொருளைக் கரைக்கும் நீர்மம்
பட்டறிவு – அனுபவ அறிவு

இலக்கணக் குறிப்பு

சிற்றில், சிறுதேர் – பண்புத்தொகைகள்
கணக்கையும் வரலாற்றையும் – எண்ணும்மை
பதறாத – எதிர்மறைப் பெயரெச்சம்
மீண்டும் மீண்டும் – அடுக்குத்தொடர்

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வகுப்பறையை 72இல் ஒரு பங்கு அளவில் அட்டையால் செய்வதாயின், அதன் நீளம், அகலம், உயரம் எவ்வளவு இருக்க வேண்டும்? அளந்து கணக்கிட்டுப் பட்டியலிடுக.
2. நீங்கள் முதன்முதலில் செய்த கைவினைப்பொருள் ஒன்றில் நேர்ந்த பிழையையும், அதன் காரணத்தையும் விளக்கி வகுப்பில் மூன்று நிமிடம் உரையாற்றுக.
3. உங்கள் பகுதியில் வண்ணம் தீட்டுபவர், தச்சர், தையற்கலைஞர் ஆகியோருள் ஒருவரைச் சந்தித்து, அவர் வேலையில் ‘கண்ணுக்குத் தெரியாத, ஆனால் தவிர்க்க முடியாத’ படிநிலை எதுவென வினவி, நேர்காணலாகத் தொகுக்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக.

1. உண்மை விமானத்தில் ஆறடியாக இருப்பது, 72இல் ஒரு பங்கு மாதிரியில் அமையும் அளவு
அ) அரை அங்குலம் ஆ) ஓர் அங்குலம் இ) இரண்டு அங்குலம் ஈ) ஆறு அங்குலம்

2. கண்ணாடிமூடியை ஒட்டுவதற்கு ஏற்றது
அ) கரைப்பான் பசை ஆ) பட்டி இ) வெண்பசை ஈ) மேற்பூச்சு

குறுவினா

1. நெகிழிச் சட்டத்தை வாய்க்காலோடு ஒப்பிடக் காரணம் யாது?
2. உறுப்புகளை ஒரே நேரத்தில் வெட்டிக் குவித்தல் ஏன் கூடாது?

சிறுவினா

1. கரைப்பான் பசை செயற்படும் முறையை விளக்குக.
2. ‘வண்ணம் குறையை மறைப்பதில்லை, காட்டிக்கொடுக்கின்றது’ – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா

1. ‘காரணம் தெரிந்த பிழை பாதி திருந்திய பிழை’ என்னும் கருத்தை, மாதிரி விமானம் செய்யும் படிநிலைகளோடும் உங்கள் கற்றல் அனுபவத்தோடும் இணைத்துக் கட்டுரை வரைக.